சீண்டல் டியூட்டி

"குமுதினி மேடம், காலையில உப்புமா செஞ்சது நீங்களா, இல்ல தெருமுனையில ரோடு போடுறாங்களே, அவங்களா?"

ஒலிபெருக்கியில் என் கணவனின் குரல். என் இரண்டு கைகளும் நச்சுக்காற்றை உறிஞ்சும் ஹூட் பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு அடியில் நுழைந்து, ஒரு கண்ணாடிச் சிரிஞ்சைப் பிடித்திருந்தன. சிரிஞ்சுக்குள் விடியற்கால வெயிலின் நிறத்தில் ஒரு திரவம். ஒரு சொட்டு தவறினாலும் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் உப்புமாவைப் பற்றிக் கேட்கிறான்.

"நம்பி, வாய மூடு."

"பதிவாச்சு. நன்றி."

அதுதான் அவன் வேலை. தாளில் அதற்கு 'உணர்வுநிலைச் சரிபார்ப்பு' என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு அது சீண்டல் டியூட்டி.

அந்த வாரம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சுபாஷிணி என்று ஒரு ஆய்வாளர் வந்திருந்தார். கட்டுப்பாட்டு அறையில் நம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வேலை முடிந்து கேன்டீனுக்குப் போனபோது டீயை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து அமர்ந்தார்.

"அவரு உங்க வீட்டுக்காரராமே?"

"ஆமாங்க."

"நான் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. இது வேலை செய்யுற இடத்துல துன்புறுத்துறது இல்லையா?"

"துன்புறுத்தல்தான். சம்பளம் குடுத்துப் பண்ணச் சொல்றாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு மீட்டர் வச்சா போதாதா?"

"மீட்டர் இருக்குங்க. மீட்டருக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அது மனுஷனுக்குள்ள போயிடும். ரத்தத்த எடுத்துப் பாத்தா தெரியும். ஆனா அதுக்கு அரை நாள் ஆகும்."

"உள்ள போனா என்ன ஆகும்? மயக்கமா?"

"இல்ல. நிம்மதி."

அவர் டீயைக் கீழே வைத்தார். எல்லோரும் இந்த இடத்தில் டீயைக் கீழே வைப்பார்கள்.

நாங்கள் கையாளுவது மருந்து அல்ல. மருந்துக்குப் போகிற வழியில் ஒரு படி. ஓயாமல் வலிப்பு வந்துகொண்டே இருக்கிற குழந்தைகளுக்கான மருந்து அது. நாட்டில் அதைச் செய்கிற இடம், ஓசூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஆலை ஒன்றுதான். மூலப்பொருள் சாதாரணமான வெள்ளைத் தூள். முடிவில் கிடைக்கும் மருந்தும் வெள்ளைத் தூள். நடுவில் சில மணி நேரம் மட்டும் உயிரோடு இருப்பது இந்த மஞ்சள் திரவம். ஈரம் பட்டால் கெடும், வெளிச்சம் பட்டால் கெடும், குளிரைவிட்டு வெளியே எடுத்தால் ஆவியாகும். படிக்கட்டின் நடுப்படியில் யாரும் குடியிருப்பதில்லை, அதைப் போல. தாள்களில் அதன் பெயர் இடைநிலை ஒன்பது. நாங்கள் வைத்த பெயர் சாது. அதை முகர்ந்தவர்கள், தொட்டவர்கள் சாதுவாகிவிடுவார்கள் என்பதால்.

"நிம்மதி நல்லதுதானே?" என்றார் சுபாஷிணி.

"எங்ககிட்ட தீனதயாளன்னு ஒருத்தர் இருந்தாரு. சாது உள்ள போயிடுச்சு, யாருக்கும் தெரியல. பக்கத்து மேசையில தீப்பிடிச்சு அவரு கைச்சட்டைக்கு வந்திருச்சு. அவரு அதையே பாத்துட்டு நின்னாரு. 'கொஞ்சம் சூடா இருக்கு'ன்னு மரியாதையாச் சொன்னாராம். முழங்கை வரைக்கும் தோல் போயிடுச்சு."

"ஐயோ."

"அதுல ஒரு கூத்து கேளுங்க. அவரு சம்சாரம் கேட்டுக்கு வந்து மேனேஜர்கிட்ட அழுதாங்க. எல்லாரும் நஷ்ட ஈடு கேக்கத்தான் வந்திருக்காங்கன்னு நெனைச்சோம். 'அந்த மருந்தை உடம்புலேருந்து எடுத்துடாதீங்க சார், கொஞ்ச நாள் இப்படியே விட்டுடுங்க. கல்யாணமாகி இப்பத்தான் எங்கூட உக்காந்து பேசுறாரு'ன்னாங்க."

சுபாஷிணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சீண்டல் டியூட்டி இல்லையா?"

"இருந்துச்சு. அந்நியர் ஒருத்தர் மைக்ல ஏதாவது கேப்பாரு. ஆனா சாது உள்ள போனவங்க ரொம்ப நல்லவங்களா ஆயிடுவாங்க. நம்மால யாருக்கும் தொந்தரவு வேணாம்னு நெனைப்பாங்க. கோபப்படலைனா அந்த பேட்ச முழுசா அழிச்சுடுவாங்க, எல்லாரும் வெளியே ஓடணும். அதனால தீனதயாளன் கோபமா இருக்குற மாதிரி நடிச்சிருக்காரு, பாவம். அதுக்கப்புறம்தான் கம்பெனி யோசிச்சுது. எங்க தொட்டா வலிக்கும்னு தெரிஞ்ச ஆளுதான் சீண்டணும்னு. புருஷன் பொண்டாட்டின்னா முன்னுரிமை. இங்க ஜோடியா வேலை கிடைக்குறது சுலபம். விவாகரத்தும் சுலபம்."

"நீங்க சொல்ற வார்த்தைய வச்சுக் கண்டுபிடிப்பாரா?"

"வார்த்தை யாரு வேணா சொல்லலாங்க. வார்த்தைக்கு முன்னாடி ஒரு மூச்சு வரும் இல்லையா? கோபம்னா அது லேசா முட்டும். அவரு காதுல ஹெட்போன் மாட்டிட்டு அதத்தான் கேக்குறாரு. கட்டைவிரல் எப்பவும் சிவப்புப் பட்டன் மேலயே இருக்கும்."

சுபாஷிணி தன் கைக்கணினியைப் பார்த்தார். "உங்க ஜோடிக்குத்தான் இங்க முதல் மதிப்பெண். ஒரு தடவைகூட உங்க கோபம் சந்தேகத்துக்கு இடமா இல்லையாம். உங்க ஆலைத் தலைவர் முகுந்தன் சார் ரொம்பப் பெருமையாச் சொன்னாரு. எப்படிங்க?"

நான் டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவுமிடத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல முடியாது.

*

அதற்கு முன்பு ஒரு சமயம் என் அப்பா தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். நான் ஹூட்டில் இருந்தேன். சாது சிரிஞ்சில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என் போனுக்கு அழைத்திருக்கிறாள். என் போன் லாக்கரில் இருந்ததால் நம்பிக்கு அழைத்தாள். அவளை உடனே வரச் சொல் என்று சொன்னாள்.

எங்கள் விதி தெளிவானது. சாதுவைத் திறந்துவிட்டால் முடிக்கிற வரை கை மாறக்கூடாது. கையாளுகிறவருக்கு வெளியிலிருந்து எந்தச் செய்தியும் போகக்கூடாது. கை நடுங்கும். சீண்டல் மட்டும் நடக்க வேண்டும்.

நம்பி விதியைக் காப்பாற்றினான். ஓர் எழுத்துகூட மீறவில்லை. இடையிடையே மைக்கைப் போட்டு என் தலைமுடியைப் பற்றி, என் ஸ்கூட்டர் ஓட்டும் லட்சணத்தைப் பற்றி, ஊரில் ஒருவரும் படிக்காத என் ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டான். நான் ஒவ்வொரு தடவையும் கத்தினேன். பதிவாச்சு, நன்றி. பதிவாச்சு, நன்றி. வேலை முடிந்து நான் கையுறையைக் கழற்றியபோது கதவருகில் கார் சாவியோடு நின்றான். அதற்குள் அப்பா போய்விட்டிருந்தார். சொன்னவுடன் கிளம்பியிருந்தால் பார்த்திருக்கலாம். ஓசூரிலிருந்து தர்மபுரி என்ன பெரிய தூரம்?

அதன் பிறகு அவன் எதைச் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'குட் மார்னிங்' என்றால்கூட. கம்பெனிக்கு அதில் ரொம்பத் திருப்தி. "உங்க ரெண்டு பேரோட கெமிஸ்ட்ரி பிரமாதம்" என்று முகுந்தன் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள்.

வீட்டிலும் டியூட்டி முடியவில்லை. நான் சாப்பாடு போடுவேன், அவன் சாப்பிடுவான். மேசை விளிம்பில் அவன் வலது கட்டைவிரல் எதன் மேலோ இருப்பது போல அசையாமல் இருக்கும். என் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பான். அது பழக்கம், வேண்டுமென்றே செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் எரிச்சல் குறைந்துவிடுமா?

அப்பாவின் கைக்கடிகாரம் என்னிடம் வந்தது. இரும்புப் பட்டை போட்ட பழைய கடிகாரம். சாவி கொடுத்தால் ஓடும். ஹூட்டுக்குள் நகை, கடிகாரம், எதுவும் அணியக்கூடாது. நான் அணிந்தேன். உள் கையுறையை அதன் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே போவதற்கு முன் இரண்டு மணிக்கட்டையும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். இடது கையைச் சற்றுத் திருப்பிக் காட்டினேன்.

"கை சரி," என்றான் நம்பி ஒலிபெருக்கியில். தினமும் அப்படித்தான். அவனை ஏமாற்ற முடிந்ததில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

*

அந்த ஆய்வாளர் போன பிறகு ஒரு நாள். பெரிய பேட்ச். மருந்துக் கிடங்கில் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அலுவலகத்துக்குப் பெற்றோர்கள் போன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். முகுந்தனே கீழே இறங்கி வந்து "பாத்துப் பண்ணுங்கம்மா" என்றார்.

"கை சரி," என்றான் நம்பி.

குளிர்ந்த கலத்திலிருந்து சாதுவை எடுத்து அடுத்த கலத்துக்கு மாற்ற ஆரம்பித்தேன். மேலே ஆர்கான் வாயு போர்வைபோல மூடியிருக்க வேண்டும். ஊசி ரப்பர் மூடியைத் துளைத்து இறங்க வேண்டும். இழுக்கும்போது அவசரம் கூடாது.

"மேடம், உங்க அம்மா அந்த சீரியல் கதைய நேத்து எனக்கு முழுசா சொன்னாங்க. அதுல வர்ற மருமகளும் உங்கள மாதிரியேதான் கதவ மூடுறா."

"வாய மூடு நம்பி."

பதிவாச்சு என்ற பதில் உடனே வரவில்லை. கொஞ்சம் கழித்து வந்தது.

"மேடம், உங்க ஆய்வேட்ட பழைய பேப்பர்காரன்கூட வேணாம்னுட்டான்."

"சும்மா இரு. வேலை பாக்க விடு."

இப்போது பதிலே இல்லை. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல் மட்டும் ஓடியது. எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது, எங்கோ தூரத்தில் மழை பெய்வது போல. மஞ்சள் திரவம் ஊசி வழியாக ஏறியது. அதன் நிறம் எவ்வளவு அழகு என்று தோன்றியது.

"குமு." குரல் மாறியிருந்தது. மைக்கில் அவன் என்னை அப்படி அழைத்ததே இல்லை. "அன்னைக்கு உங்கப்பா உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். வாசலப் பாத்துட்டே இருந்தாராம். அக்கா எங்கிட்ட சொன்னா. நான் உன்கிட்ட சொல்லல."

அது எனக்குத் தெரியாது. அது தெரிந்தால் நான் என்ன செய்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் இத்தனை காலம் வைத்திருந்து அப்போது எடுத்தான்.

நான் என் உள்ளே தேடினேன். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு முள் இருக்கும். அன்று அந்த இடம் பெருக்கித் துடைத்த அறை போல இருந்தது.

"பரவாயில்ல நம்பி," என்றேன். "நீ செஞ்சது சரிதான். சொல்லியிருந்தா கை ஆடியிருக்கும்."

"இன்னொரு தடவ சொல்லு."

"நீ செஞ்சது சரிதான். எனக்கு உன் மேல கோபம் இல்ல."

எவ்வளவோ நாளாக அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தைகள் அவை. அவன் சிவப்புப் பட்டனை அழுத்தினான்.

சைரன் அலறியது. ஹூட்டின் கண்ணாடி என் கைகள் வரை இறங்கியது. மேலிருந்து பழுப்பு நிறத் தணிப்புக் கரைசல் கொட்டி, சாதுவை நொடியில் அழுக்குத் தண்ணீராக்கியது. கட்டடம் முழுவதும் ஆட்கள் ஓடுகிற காலடிச் சத்தம். நான் நின்றுகொண்டே இருந்தேன். பாவம், இவ்வளவு பேருக்கும் சிரமம் என்று நினைத்துக்கொண்டேன்.

*

தனி அறையில் உட்கார வைத்தார்கள். கையுறைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனார்கள். கடிகாரத்தை அதற்கு முன்பே கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். டாக்டர் பெனாசிர் வந்து ரத்தம் எடுத்தார்.

"எப்படி இருக்கீங்க குமுதினி?"

"நல்லா இருக்கேன் டாக்டர். எனக்கு ஒண்ணும் ஆகல. நான் நெஜமாவே அவர மன்னிச்சுட்டேன். அவ்வளவுதான்."

அவர் எழுதிக்கொண்டார்.

"என்ன எழுதுறீங்க?"

"அமைதியாகப் பேசுகிறார்னு."

"அமைதியாப் பேசுனா தப்பா?"

"தப்பு இல்ல. அறிகுறி."

இப்போது இதை எழுதும்போது எனக்குத் தலை வெடிக்கிறது. அன்று வெடிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைக்கிறது. ஒரு மனுஷி வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பெரிய மனதோடு நடந்துகொண்டால் அதற்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்களா? அது நஞ்சு இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பது? பொறுமையாக விளக்கினால், பார், எவ்வளவு பொறுமை என்கிறார்கள். சரி, இவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். "என்ன விளையாடுறீங்களா? வெளிய விடுங்க!"

டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நடிக்கிறாங்க," என்று வெளியே சொன்னார்.

அந்த நேரத்தில் தீனதயாளனின் நினைவு எனக்கு வரவில்லை.

முகுந்தன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். ஒலிவாங்கி அணைக்கப்படவில்லை என்று அவருக்குத் தெரியாது. "பேட்ச் போச்சு. அடுத்தது வர ரெண்டு மாசம் ஆகும். அந்தப் பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று புலம்பினார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆனா பாருங்க டாக்டர், எவ்வளவு நல்லா இருக்காங்க. கம்பெனியில எல்லாரும் இப்படி இருந்தா எவ்வளவு அமைதியா இருக்கும்." அவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். மரியாதைக்காக.

சாயங்காலம் முடிவு வந்தது.

"ரத்தத்துல இருக்கு. ஆனா ரொம்பக் கொஞ்சம்," என்றார் டாக்டர் பெனாசிர். "இந்த அளவுல சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. சில பேருக்கு ஆகும். எங்கேருந்தோ கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு."

"அப்ப நான் சொன்னது, நான் சொன்னதா? இல்ல அது சொன்னதா?"

"அதச் சொல்ற டெஸ்ட் எங்கிட்ட இல்லம்மா. வீட்டுக்குப் போங்க. தானா வெளியேறிடும். எதுக்காவது எரிச்சல் வந்தா உடனே போன் பண்ணுங்க."

*

வீட்டில் நம்பி என்னிடம் பேசப் பயந்தான். அவனுக்கு லீவு கொடுத்திருந்தார்கள், என்னைக் கவனித்துக்கொள்ள. அவன் கவனித்தது வேறு விதம்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான். நான் எடுத்துக் கொடியில் உலர்த்தினேன். குழாயைச் சொட்ட விட்டான். நான் மூடினேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேண்டுமென்றே பால்கனியில் போய் நின்றான். பொங்கி வழிந்தது. நான் துடைத்தேன். ஒவ்வொரு தடவையும் கதவோரத்தில் நின்று என் மூச்சைக் கேட்டான். அவன் முகம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாடியது.

"நம்பி, நான் அன்னைக்குச் சொன்னது உண்மைன்னு நெனைச்சுக்கோயேன்."

"நெனைக்கணும்னுதான் இருக்கு குமு."

"அப்புறம் என்ன?"

"நீ குடுக்குறியா, அது குடுக்குதான்னு தெரியல. வாங்கிக்கவும் முடியல. திருப்பிக் குடுக்கவும் முடியல."

அவனுக்கு நான் நல்லது செய்யச் செய்ய அவன் இளைத்தான். அவன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். என் கைக்குக் கீழே விறைப்பாக உட்கார்ந்திருந்தான், ஊசி போடக் காத்திருப்பவனைப் போல.

பிறகு ஒரு காலையில் பக்கத்து வீட்டு நாய் நெடுநேரம் குரைத்தது. இதற்கு வாயே வலிக்காதா என்று நினைத்தேன். நினைத்ததும் திடுக்கிட்டேன். அது எரிச்சலா, வெறும் கேள்வியா? டாக்டருக்குப் போன் செய்யலாமா? ஓர் எரிச்சலைக்கூடச் சந்தேகமில்லாமல் அனுபவிக்க முடியாத பிறவியாகிவிட்டேனே என்று தோன்றியது. நம்பியிடம் சொல்லவில்லை. அவன் ஆசைப்பட்டுவிடுவான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது முகுந்தன் அழைத்தார். நம்பி போனை ஒலிபெருக்கியில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தான்.

"உங்க கையுறையப் பிரிச்சுப் பாத்துட்டாங்கம்மா. வெளிக் கையுறை மணிக்கட்டுக்கு மேல வரல, மடிஞ்சிருக்கு. உள் கையுறையில, இடது மணிக்கட்டுகிட்ட ஒரு சின்ன ஓட்டை. உள்ளேருந்து குத்துன மாதிரி இருக்கு. வளையல், கடிகாரம், ஏதாவது போட்டிருந்தீங்களா?"

குளிர்சாதனப் பெட்டியின் மேலே அப்பாவின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புப் பட்டையின் கொக்கி லேசாக வளைந்து துருத்தியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நம்பி பேசினான்.

"இல்ல சார். நான்தான் கேமராவுல பாத்தேன். கை சரியாத்தான் இருந்துச்சு."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா சார்."

போன் அணைந்தது. கல்லில் தோசை ஓரம் சிவந்துகொண்டிருந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.

"உனக்குத் தெரியும்," என்றேன்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்து. நீ கையத் திருப்பிக் காட்டுனியே, அப்பவே."

"தெரிஞ்சு கை சரின்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஏன்டா?"

"எப்படிக் கழட்டச் சொல்றது குமு? அன்னைக்கு விதிப்படி நடந்துதான் உங்கப்பாவ நீ பாக்க முடியாமப் போச்சு. இதுக்கும் விதி பேசுனா நான் மனுஷனா? அவரு கடிகாரந்தானே, இருந்துட்டுப் போகட்டும்னு..."

முதலில் காதுகள் சூடாயின. பிறகு கழுத்து. நெஞ்சுக்குள் மூச்சு ஏறி வந்து, எதிலோ முட்டி, நின்றது. அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். பெருக்கித் துடைத்த அறையில் முள் திரும்பி வந்து உட்கார்ந்தது. கூடவே இன்னொரு முள்ளும்.

"அறிவிருக்காடா உனக்கு? சொல்ல வேண்டிய அன்னைக்கு வாயத் தெறக்கல. கழட்டுடின்னு அதட்ட வேண்டிய அன்னைக்கும் வாயத் தெறக்கல. உப்புமாவப் பத்தி மட்டும் ஊருக்கே கேக்குற மாதிரி மைக்கப் போட்டுப் பேசுவ! நான் செத்திருந்தா? தீனதயாளன் மாதிரி கை வெந்து நின்னிருந்தா? அப்பவும் கை சரின்னு சொல்லுவியா?"

நம்பியின் முகம் மலர்ந்தது. அந்தச் சமயத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடாத காரியம் அது. அவன் சிரித்தான். கண்ணில் தண்ணீர் நிற்க, போனை எடுத்தான்.

"யாருக்குப் பண்ற?"

"டாக்டருக்கு. வந்துருச்சு குமு, உனக்கு வந்துருச்சு."

"வை போன!"

வைத்தான்.

"சிரிக்காத!"

சிரிப்பை நிறுத்தினான். அதன் பிறகு அழுகை மட்டும் மிச்சம் இருந்தது. நான் திரும்பி அடுப்பை அணைத்தேன். தோசை கருகியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். இரண்டு கைகளும் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கைகளோடு சாதுவைத் தொட முடியாதுதான். அது எனக்குத் தெரிந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகமும் தெரிந்தது. ஒன்று தெரிவதால் மற்றொன்று மறையவில்லை.

"அன்னைக்கு நீ செஞ்சது சரின்னு சொன்னேன்ல," என்றேன், அவன் பக்கம் திரும்பாமல்.

"ம்."

"அது சரி இல்ல. தப்பு."

"தெரியும்."

"கடிகாரத்தப் பாத்துட்டு விட்டதும் தப்பு. நான் போட்டதும் தப்பு. நாளைக்கு முகுந்தன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அடுத்த பேட்ச் வரைக்கும் அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்கன்னு நெனைச்சா எனக்கு உன்னையும் அடிக்கணும்போல இருக்கு, என்னையும் அடிச்சுக்கணும்போல இருக்கு."

"சரி குமு."

அடுப்பை மறுபடி பற்ற வைத்தேன். கல் காய்ந்தது. மாவை ஊற்றி வட்டமாக இழுத்தேன். வட்டம் சரியாக வரவில்லை. வெந்ததும் தட்டில் போட்டு, சட்னி வைத்து, மேசையில் அவன் எதிரில் சத்தமாக வைத்தேன்.

"உக்காரு. சாப்பிடு."

அவன் உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மேசை விளிம்புக்குப் போன அவன் கட்டைவிரல் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. பிறகு தோசையின் ஓரத்தைப் பிய்த்தது.

பதிவாச்சு, நன்றி என்று சொல்வான் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வார்த்தைக்கு முன்னால் வருகிற அந்த மூச்சு எனக்குக் கேட்டது. அது முட்டி நின்றது. வார்த்தை வரவில்லை. நான் அடுத்த தோசையை ஊற்றினேன்.